சாம்பிராணி தூக்கலாகத் தெரியாமல் வாசனை நிலைக்க என்ன வழி?

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே இயற்கை சென்ட் கலக்குகிறேன், பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கொஞ்சம் விற்பனையும் உண்டு. முதலில் எழும் மேல் வாசனைக்கு எலுமிச்சை, நடுவில் மல்லிகை, கடைசிவரை நிற்கும் அடி வாசனைக்கு வெட்டிவேர். எலுமிச்சை சீக்கிரம் பறந்துவிடும் என்பதால், பிடித்து நிறுத்த சுமத்ரா சாம்பிராணியை, அதாவது இங்கே மலாய்க் கடையில் கெமஞான் என்று கேட்டால் கொடுப்பார்களே அதை, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கிறேன். நூற்றுக்கு 3 பங்கு போட்டாலே மல்லிகை அமுங்கிப்போய் மணிக்கட்டில் பூசையறை வாசம்தான் நிற்கிறது, 1 பங்காகக் குறைத்தால் மதிய வெயிலுக்குள் எல்லாமே போய்விடுகிறது.

சயாம் சாம்பிராணியில் வெனிலா வாடை கூடுதல், மென்மையாகவும் இருக்கும், அதற்கு மாறலாமா? இல்லை, இதையே பாதியாக்கி லாப்டனம் என்கிற செடிப் பிசின் ஒரு துளி விடலாமா? அது தார் மாதிரி கெட்டி, வெந்நீரில் குப்பியை வைத்தால்தான் இளகுகிறது, நீங்கள் முன்கூட்டியே ஆல்கஹாலில் கரைத்து வைப்பீர்களா? அப்புறம், கலந்தபின் எத்தனை வாரம் இருட்டில் வைத்து முகர்ந்து பார்ப்பீர்கள்? எனக்குப் பொறுமை கம்மி. செயற்கைச் சரக்கு போடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.