புது ஸ்போர்ட்ஸ் காரில் பெயிண்ட் கோளாறு: திரும்ப அடிக்கலாமா, விட்டுவிடலாமா?

கூபே கோவை

நண்பர்களே, பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு கதவு கூபே, அடர் நீல மெட்டாலிக். எந்த கம்பெனி என்று இப்போதைக்குச் சொல்லவில்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. டெலிவரி ஷோரூமுக்குள்ளேயே கொடுத்தார்கள். மேலே துணி, கேக், மாலை, போட்டோ என எல்லாம் ஆயிற்று. அந்த விளக்கு வெளிச்சத்தில் எந்த வண்டியும் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் அவிநாசி ரோட்டில் ஒரு பங்கில் பெட்ரோல் போட இறங்கியபோது கண்ணில் பட்டது. வலது பின்பக்கக் குவார்ட்டர் பேனலில் (பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகடு), பெட்ரோல் மூடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் கிளியர் கோட் (கலருக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வழிந்து அப்படியே உறைந்திருக்கிறது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நேர்நேராக மெல்லிய கீறல்கள். தடவினால் விரலில் ஒன்றும் தட்டவில்லை, வழுவழுவென்று இருக்கிறது. கீறல் கிளியருக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிழலில் மறைந்துவிடும், நேர் வெயிலிலும் எல்இடி வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிகிறது.

டீலரிடம் காட்டினேன். "விடுங்க சார், நம்ம பெயிண்ட் பூத்துல விட்டா மூணு நாள்ல புதுசு மாதிரி ஆக்கித் தந்துடறோம், செலவு எங்களோடது" என்கிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்துவிட்டது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரி 20 சதவீதம், அதுவும் கட்டியாகிவிட்டது. அதனால் வண்டியை மாற்றிக் கொடு என்று கேட்பது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. திரும்ப அடிக்க விடலாமா, அப்படியே ஓட்டலாமா?

செகண்ட்ஹேண்ட் சித்தப்பு

அடிக்காதீங்க தம்பி. நான் பழைய வண்டி வாங்கிப் பழகியவன், எங்கே போனாலும் பெயிண்ட் தடிமனை அளக்கும் திக்னெஸ் மீட்டர் பையில் இருக்கும். பெங்களூரில் ஒரு கூபே பார்க்கப் போயிருந்தேன். ஓடியது குறைவு, சர்வீஸ் ஹிஸ்டரி சுத்தம். ஒரு பின் பேனலில் மட்டும் மீட்டர் 260 மைக்ரான் காட்டியது, தொழிற்சாலைப் பெயிண்டைப் போல இரண்டு மடங்கு. "டெலிவரியிலேயே பெயிண்ட் கோளாறு சார், ஷோரூம்காரங்களே அடிச்சுக் கொடுத்தாங்க" என்றார் விற்றவர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இடி வாங்கிய வண்டியை விற்கிறவரும் இதே வசனத்தைத்தான் சொல்வார், நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வாங்காமல் வந்துவிட்டேன்.

ஒரகடம் பெயிண்ட்ஷாப்

சித்தப்பு சொல்வது விற்கும்போது வரும் பிரச்சினை. ஓட்டும்போது வருவதை நான் சொல்கிறேன். கார் தொழிற்சாலைப் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவன். எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். புது வண்டி என்றால் இரண்டாவது தடவை பெயிண்ட் படாத வண்டி என்று நினைப்பது தப்பு. லைனில் தூசி விழும், கிளியர் வழியும். சின்னதாக இருந்தால் அங்கேயே தேய்த்துப் பாலிஷ் போட்டு அனுப்புவார்கள். பெரிதாக இருந்தால் அந்தப் பேனலையோ, சில சமயம் முழு பாடியையோ திரும்ப லைனில் விடுவார்கள். உலகத்தில் எல்லாத் தொழிற்சாலையிலும் இது உண்டு. உங்கள் வண்டியில் நடந்ததும் இப்படி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேலை அரைகுறை.

தொழிற்சாலைப் பெயிண்டுக்கும் பூத் பெயிண்டுக்கும் என்ன வித்தியாசம்? வெறும் இரும்பு பாடி முதலில் துருவைத் தடுக்கும் ஈடி பூச்சுத் தொட்டியில் முங்கி எழும், அது 20 மைக்ரான் அளவில் படியும். அதன் மேல் பிரைமர் 30 சொச்சம், கலர் 15 சொச்சம், கிளியர் 40க்குப் பக்கத்தில். எல்லாம் சேர்ந்து 100க்கும் 140க்கும் நடுவே நிற்கும், இரண்டு தலைமுடியை அடுக்கி வைத்தது போல. மேல் பூச்சு வேகும் அடுப்பு 140 டிகிரி. அப்போது பாடியில் வயர் இல்லை, சீட் இல்லை, கண்ணாடி இல்லை, அதனால் தாங்குகிறது. டீலர் பூத்தில் நிற்பது முழு வண்டி. 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் குறைந்த சூட்டிலும் இறுகும்படி ஹார்டனர் கலந்த டூகே கிளியர் அடிக்கிறார்கள். அதை மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். நல்ல கைக்காரர் அடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். யார் கை என்பதுதான் கேள்வி.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பிடிக்காதது அந்த இடம். கதவு, பானட் என்றால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அடித்துவிடலாம், பேனல் அங்கேயே முடிகிறது. குவார்ட்டர் பேனல் பாடியோடு பற்றவைத்தது, மேலே போய்க் கூரை ஓரத்தோடு சேர்ந்துவிடும். கலரைப் பாதியில் மங்கலாக்கி நிறுத்தலாம். கிளியரை அப்படிப் பாதியில் நிறுத்தினால் அந்த விளிம்பு சில வருஷ வெயிலில் மங்கி உரிய ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் வெயில் கொஞ்சம் தயவு காட்டலாம், சென்னை காட்டாது. அதனால் கிளியர் கூரை ஓரம் வழியாக முன் கண்ணாடித் தூண் வரைக்கும் போக வேண்டியிருக்கும். டெயில் லேம்ப், பின் பம்பர், பெட்ரோல் மூடி, கண்ணாடி ஓர ரப்பர் எல்லாம் கழற்ற வேண்டும். கழற்ற மாட்டார்கள். மூன்று நாள் என்று சொன்னதிலேயே தெரிகிறது, டேப் ஒட்டித்தான் அடிக்கப் போகிறார்கள். டேப் எடுத்த இடத்தில் ஒரு மெல்லிய படி நிற்கும், நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். இதற்கு மேல் மெட்டாலிக் அடர் நீலம். ஷேடு கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கப் பக்கத்துக் கதவிலும் கலரைப் பரப்பிக் கதவு முழுக்கக் கிளியர் போட வேண்டும். உள்ளங்கை அளவு கோளாறுக்காக வண்டியில் கால்வாசி மறுபெயிண்ட்.

வழிசலைப் பற்றிக் கவலையே படாதீர்கள். கிளியர் கூடுதலாகத் தேங்கி நிற்கும் இடம் அது. 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைப் படிப்படியாகப் போட்டு மட்டம் செய்து பாலிஷ் விட்டால் போய்விடும், சுற்றியுள்ள கிளியரில் கை வைக்கக் கூடாது. கிளியரில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுத்தால் வெயிலைத் தடுக்கும் சக்தி குறையும். அடியில் இருக்கும் கீறல்தான் பாலிஷுக்கு எட்டாது.

மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? அந்த எண் தெரியாமல் மேலே பேச முடியாது.

கிள்ளான் எம்எக்ஸ்5

வணக்கம், மலேசியாவிலிருந்து. என் காடி மஸ்டா எம்எக்ஸ்-5, சோல் ரெட் கிறிஸ்டல். தொழிற்சாலைக் கோளாறு இல்லை, காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் பார்க்கில் யாரோ உரசிவிட்டுப் போனது. ஆனால் மறுபெயிண்ட் கதை ஒன்றுதான்.

இந்தச் சிவப்பு சாதாரணச் சிவப்பு இல்லை. அடியில் அலுமினியத் துகள் உள்ள அடுக்கு, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு, அதற்கும் மேல் கிளியர். நடு அடுக்கு கொஞ்சம் தடித்தாலே நிறம் கறுக்கும், மெலிந்தால் வெளிறும். இன்சூரன்ஸ் அனுப்பிய பட்டறையில் அடித்துக் கொடுத்தார்கள். பகலில் பார்த்தேன், அருமை. சாயங்காலம் வீட்டுக் கீழ்த்தளத்து விளக்கில் பார்த்தால் பின்பக்கம் ஒரு நிறம், கதவு ஒரு நிறம்.

வேறொரு பட்டறைக்காரர்தான் சரி செய்தார். காடியில் கை வைக்கும் முன்னால் சின்னச் சின்ன அட்டையில் நடு அடுக்கை இரண்டு பூச்சு, மூன்று பூச்சு, நான்கு பூச்சு என்று தனித்தனியாக அடித்துக் காய வைத்து, காடி பக்கத்தில் வைத்து வெயிலிலும் விளக்கிலும் என்னையே பார்க்கச் சொன்னார். உங்கள் டீலரிடம் அந்த அட்டையைக் கேளுங்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் மாதிரி முழித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூபே கோவை

நண்பர் ஒருவரின் டீட்டெய்லிங் (வண்டிக்குப் பாலிஷ் போடும்) கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். கூரை 118. கதவுகள் 112 முதல் 125. இடது குவார்ட்டர் 120. வலது குவார்ட்டர் 195, 204, 210. பின் பம்பரில் ஒன்றும் காட்டவில்லை. பிளாஸ்டிக்கில் இந்த மீட்டர் வேலை செய்யாதாம்.

ஒரகடம் பெயிண்ட்ஷாப்

அப்படியென்றால் விஷயம் தெளிவு. அந்தப் பேனலுக்கு ஏற்கெனவே இரண்டாவது தடவை கலரும் கிளியரும் விழுந்திருக்கிறது. முதல் பூச்சில் ஏதோ கோளாறு, கையால் எமரி போட்டிருக்கிறார்கள். மெஷின் போட்டிருந்தால் சுருள் சுருளாக வரும். கோடு நேராக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முரட்டு எமரியின் தடத்தை எடுக்காமல் மேலேயே கலர் அடித்து அனுப்பிவிட்டார்கள். பள்ளத்தை நிரப்பும் பட்டி இல்லை, அடி வாங்கிய வண்டியும் இல்லை. பட்டி இருந்தால் இந்த எண் 400, 500 என்று எகிறியிருக்கும், இடத்துக்கு இடம் தாறுமாறாகவும் இருக்கும்.

இப்போது டீலர் அடித்தால் அது மூன்றாவது தடவை. 200க்கு மேல் இன்னொரு 70, 80 ஏறும். தடித்த பெயிண்ட் கல் பட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும், வருஷம் போகப் போக வெடிப்பும் வரலாம். முறையாகச் செய்வதென்றால் பழைய கலரைத் தேய்த்து எடுத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது அடியிலிருக்கும் ஈடி வரை இறங்கிவிட்டால், துருவைத் தடுக்கும் பூச்சையே இழந்ததாகும். என் வண்டியாக இருந்தால் அடிக்க விட மாட்டேன்.

வக்கீல் ஓட்டுநர்

சட்டப்பக்கம் கொஞ்சம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதைத் தாண்டி 2 கோடி வரை மாநில ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பேனல் பெயிண்டுக்காக முழு வண்டியை மாற்றித் தரச் சொல்லி ஜெயிப்பது சிரமம். நஷ்டஈடு கேட்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

அதைவிட முக்கியம் ஒன்று. டீலரை அடிக்க விட்டுவிட்டால் சாட்சியம் அந்த எமரித் தூளோடு போய்விடும். அப்புறம் தொழிற்சாலைக் கோளாறா, பூத் கோளாறா என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். முடிவு எதுவானாலும் முதலில் தேதியோடு போட்டோ, மீட்டர் எண்கள், சேசிஸ் நம்பர் எல்லாவற்றையும் போட்டு டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அட்வைசரிடம் போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது.

திருச்சி டர்போ

எல்லோரும் அடிக்காதே என்கிறீர்கள், எதிர்க்கட்சியாக நான் ஒருவன். என் வண்டியில் பானட்டில் கிளியருக்கு அடியில் தூசி, வாங்கிய மாதமே கண்டுபிடித்தேன். பானட்டைக் கழற்றி அடித்தார்கள், கூடவே நான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை ஒரு குறை இல்லை. கழற்றி மாட்டுகிற பேனல் என்றால் தைரியமாக அடிக்கலாம் என்பது என் கட்சி. ஒன்று மட்டும், பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு பிலிம்) ஒட்டுவதாக இருந்தால் மறுபெயிண்ட் அடித்து ஒரு மாதமாவது விடுங்கள். பெயிண்ட் முழுசாக இறுகுவதற்குள் ஒட்டினால், பிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும்.

கூபே கோவை

எல்லோருக்கும் நன்றி. பேசி முடித்தாயிற்று, மறுபெயிண்ட் இல்லை.

மீட்டர் எண்களை மின்னஞ்சலில் போட்ட பிறகுதான் டீலரின் குரல் மாறியது. அதுவரை "லைட்டா ஒரு மார்க்" என்றவர்கள், கம்பெனி ஏரியா மேனேஜரோடு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூன்று கேட்டேன், மூன்றும் கிடைத்தது. ஒன்று, கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம்: இந்தச் சேசிஸ் நம்பர், வலது குவார்ட்டர் பேனல், தொழிற்சாலையிலேயே மறுபூச்சு, விபத்து இல்லை, மீட்டர் எண்கள் இவை. இரண்டு, அந்தப் பேனலுக்கு மட்டும் பெயிண்ட் வாரண்டி நீட்டிப்பு, எழுத்தில். மூன்று, ஒரு தொகை. எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வழிசலை டீட்டெய்லிங் கடையில் எடுத்தார்கள், டீலர் செலவில். பக்கத்தில் நின்று பார்த்தேன். வழிசலைச் சுற்றி டேப், விரல் அகலத்துக்கு ஒரு கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர். நாலைந்து தேய்ப்புக்கு ஒரு தடவை துடைத்து மீட்டர் வைத்தார். மட்டமானதும் நிறுத்தினார். இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. கீறல்கள் அப்படியேதான் இருக்கின்றன.

திருச்சி டர்போ

இவ்வளவு பணம் போட்டு வாங்கிய வண்டியில் வெயில் அடிக்கும்போதெல்லாம் கீறலைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? என்னால் முடியாதுப்பா.

செகண்ட்ஹேண்ட் சித்தப்பு

தம்பி, அந்தக் கடிதத்தின் ஒரிஜினலை வண்டியில் வைக்காதீங்க. விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்க.

கூபே கோவை

சித்தப்பு, இப்போதைக்கு இல்லை. டர்போ, பெட்ரோல் போடும்போது மட்டும்தான் எனக்குக் கண்ணில் படுகிறது, அதுவும் நான் அந்தப் பக்கம் இறங்கினால். பிபிஎஃப் வியாழக்கிழமை ஒட்டுகிறார்கள். வலது குவார்ட்டரை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன். தொழிற்சாலை மறுபூச்சு எந்தச் சூட்டில் வெந்தது என்று யாருக்கும் தெரியாது, பிலிமை உரிக்கிற அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.