கேட்டர்பில்லர் டி2 செயின் டிராக்டர்: எஞ்சின் சீஸ் (சுற்றாமல் இறுகிவிட்டது), ஸ்டீயரிங் இறுக்கம். எதிலிருந்து தொடங்குவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நீடாமங்கலம் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் கொட்டகையில் கேட்டர்பில்லர் டி2 நிற்கிறது. வாங்குவதென்று முடிவாகிவிட்டது, அதனால் விலை பற்றிய கேள்வி இல்லை. எண் 5யு என்று ஆரம்பிக்கிறது. எஞ்சினில் உள்ள எண்ணும் பின்பக்கக் கியர் கேஸில் உள்ள எண்ணும் ஒன்றுதான். பிளேடு கிடையாது, பின்னால் இழுவைக் கம்பி மட்டும்.

நிலவரம் இதுதான். சைலன்சர் குழாயின் வாய் மூடாமல் கிடந்திருக்கிறது. பெரிய எஞ்சின் துளிகூட அசையவில்லை. அதை ஸ்டார்ட் செய்வதற்கான பெட்ரோல் குட்டி எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது. இடது ஸ்டீயரிங் லீவர் வரவே மாட்டேன் என்கிறது, வலது லேசாக வருகிறது. இடது ஃபைனல் டிரைவ் (செயினை ஓட்டும் கடைசிக் கியர் பெட்டி) அடியில் எண்ணெய் கசிந்து மண்ணோடு அடையாகப் படிந்திருக்கிறது. செயினில் பாதிக் கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கின்றன.

உளுந்து எடுத்ததும், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் கோடை உழவுக்கு விட எண்ணம். உள்ளூரில் ஒருவர், "கியரில் போட்டு ஜேசிபியால் இழுத்தால் எஞ்சின் விட்டுக்கொடுத்துவிடும்" என்கிறார். செய்யலாமா?

மன்னை டீசல் எழுதியது:

இழுக்காதீங்க அண்ணே. மூணரை டன் வண்டியைக் கியரில் போட்டு இழுத்தா, அந்த விசை முழுக்க துருப்பிடிச்ச ஒரே ஒரு பிஸ்டன்மேல போய் நிக்கும். கனெக்டிங் ராடு வளையும், இல்லன்னா லைனர் (சிலிண்டரோட உள் உறை) உடையும். குட்டி எஞ்சினை மாட்டித் திருகிப் பாக்குறதும் அதே தப்புதான், ஃப்ளைவீலைச் சுத்துற சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன், அதோட பல்லு போயிடும்.

முதல் வேலை சம்ப் (அடி எண்ணெய்த் தொட்டி) டிரெய்ன் போல்ட். முழுசாக் கழட்டாம ரெண்டு சுத்து மட்டும் தளர்த்துங்க. தண்ணி எண்ணெயைவிடக் கனம், அடியிலதான் நிக்கும். முதல்ல தண்ணி வந்தா எவ்வளவுன்னு அளந்து பிடிங்க. அரை லிட்டருக்குள்ள, துரு நிறத்துல வந்தா மழைத்தண்ணி சைலன்சர் வழியா இறங்கியிருக்கு. அஞ்சு பத்து லிட்டர்னு வந்து ரேடியேட்டரும் காலியா இருந்தா லைனர் அடியில இருக்குற ரப்பர் ரிங் போயிருக்கு. அப்படின்னா ஊறப்போடுறதுல பிரயோஜனம் இல்லை, நேரா ஹெட்டை இறக்குங்க.

மழைத்தண்ணி கேஸ்னு வச்சுக்குவோம். இந்த 5யு எஞ்சின் 4 சிலிண்டர், 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 5 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்). நிக்கும்போது எந்த சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்துதோ அதுலதான் தண்ணி இறங்கியிருக்கும். அதனால பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு சிலிண்டர்தான் பிடிச்சிருக்கும், நாலும் இல்லை. டீசல் பைப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி மண்ணு எல்லாத்தையும் பிரஷ் போட்டுத் தள்ளுங்க. கழட்டின வாய் ஒவ்வொண்ணுக்கும் உடனே மூடி போடணும். நாசில் நாலையும் எடுத்துட்டு, ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு கலந்து சிலிண்டருக்கு 100 மில்லி ஊத்துங்க. ப்ரீகம்பஷன் சேம்பர் ஓட்டை சின்னது, மெதுவாத்தான் இறங்கும், சிரிஞ்சு வச்சு ஊத்துறது நல்லது. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். கொட்டகையில வெல்டிங், பீடி எதுவும் கூடாது.

ஊறுற நேரத்துல ராக்கர் மூடியைத் திறந்து 8 வால்வையும் பாருங்க. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் மரக்கட்டை வச்சுத் தட்டினா கீழ போய் 'டக்'னு திரும்பி வரணும். வரலைன்னா வால்வு கைடுல பிடிச்சிருக்கு. அதை விடுவிக்காம எஞ்சினைச் சுத்தினா புஷ் ராடு வளைஞ்சிடும். டீசலும் ஏடிஎஃப்பும் கலந்து தண்டுல விட்டு, தட்டித் தட்டி விடுவிங்க. அவசரப்பட வேணாம்.

ஒரு வாரம் ஊறினதும் ஃப்ளைவீல் ஹவுசிங் மூடியைத் திறந்து பல்லுல பார் கொடுங்க. ஒரே பக்கமா முக்காதீங்க. முன்னால ஒரு நெம்பு, பின்னால ஒரு நெம்பு. கால் அங்குலம் அசைஞ்சாலும் எஞ்சின் வந்துடும்னு வச்சுக்கலாம். மறுபடி ஊத்திட்டு நாளைக்கு ரெண்டு தடவை நெம்புங்க. ரெண்டு வாரம் ஆகியும் ஒரு நூல்கூட அசையலைன்னா ஹெட்டை இறக்கிடுங்க. வெட் லைனர்ங்கறதால புல்லர் போட்டு உருவலாம், பிளாக்கைக் கடைய வேண்டியதில்லை.

எஞ்சின் சுத்த ஆரம்பிச்சதும் எல்லாரும் ஸ்டார்ட் பண்ணத் துடிப்பாங்க. அதுக்கு முன்னாடி ஃப்யூயல் பம்ப் ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) பாக்கணும், இதுதான் உசுரு. வருஷக்கணக்கா நின்ன பம்புல பழைய டீசல் அரக்கு மாதிரி இறுகி, ரேக் முழு டீசல் நிலையில ஒட்டிக்கிட்டிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் பிடிக்காது, எஞ்சின் தறிகெட்டு ஓடி ராடை வெளிய தள்ளிடும். ரேக் விரலால தள்ளினாலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிட்டுப் போகணும். அப்படிப் போனாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனர் குழாயைக் கழட்டிட்டு, இன்டேக் வாயை முழுசா மூடுற அளவுக்கு ஒரு பலகையோட ஒரு ஆளை நிக்க வைங்க. கை வச்சு மூடக் கூடாது, துணியும் கூடாது, உள்ள இழுத்துடும்.

எண்ணெய்: எஞ்சினுக்கு 30 கிரேடு ஒற்றை எண்ணெய். சம்ப்பைக் கழுவி, ஃபில்டர் டப்பா அடியில கிடக்குற கறுப்புச் சேற்றை வழிச்சு எடுத்துட்டு ஊத்துங்க. கழுவாம புது எண்ணெய் ஊத்தினா அதுல இருக்குற டிடர்ஜென்ட் பழைய அழுக்கைக் கரைச்சுக்கிட்டுப் போய் எண்ணெய் வழியை அடைக்கும். ரேடியேட்டருக்கு நம்ம கடலோர போர்வெல் தண்ணி வேணாம், உப்பு ஓடு கட்டும். மழைத்தண்ணி, இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர்ல கூலன்ட் கலந்து ஊத்துங்க.

துவாக்குடி லேத் எழுதியது:

எஞ்சின் விஷயம் மன்னையார் சொன்னபடிதான். நான் செயினுக்கு வருகிறேன், ஏனென்றால் டி2-வில் பணம் கரைவது எஞ்சினில் அல்ல, அடிப்பாகத்தில்.

விறைத்த கண்ணிகளைக் கேஸ் வெல்டிங் தீயில் பழுக்கக் காய்ச்ச வேண்டாம். பின்னும் (கண்ணிகளை இணைக்கும் ஆணி) புஷ்ஷும் (அதைச் சுற்றிய உறை) மேல்தோல் கடினப்படுத்தியவை. சிவக்கக் காய்ச்சினால் அந்தக் கடினம் போய், ஒரே சீசனில் தேய்ந்துவிடும். டீசலும் வேஸ்ட் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு மூட்டிலும் தினமும் ஊற்றுங்கள். நாலாம் நாளிலிருந்து கண்ணியின் பக்கவாட்டில், ரோலர் ஓடும் பரப்பில் படாமல், 2 கிலோ சுத்தியலால் தட்டுங்கள். கழற்றுவதென்றால் செயினைப் பிரிப்பதற்கான மாஸ்டர் பின்னைத் தேடுங்கள். அதன் முனையில் சிறு குழி இருக்கும், மற்ற பின்களில் இருக்காது. அதை முன் ஐட்லரின் (செயினைத் தாங்கும் முன்சக்கரம்) நடுமட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் கட்டை கொடுத்து, செயினைத் தளர்த்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே வந்தது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

கழற்றிய பிறகு புஷ்ஷைப் பாருங்கள். தேய்மானம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பின்பக்கப் பல்சக்கரம்) பல் உந்தும் பக்கம். புஷ்ஷின் சுவர் விரிசல் விடாமல் இருந்தால் பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி 180 பாகை திருப்பிப் போடலாம், செயினுக்கு இரண்டாம் ஆயுள் கிடைக்கும். வெளியே வெடிப்புக் கண்டுவிட்டால் திருப்பிப் பயனில்லை. ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல வளைந்து கூராகியிருந்தால், அதன்மேல் நல்ல செயினைப் போட்டாலும் அது செயினையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பின் கடைவதற்கு ஈஎன்8 கம்பி போதும் என்று சில லேத்தில் சொல்வார்கள். போதாது. அது மெத்தென்று தேயும். ஈஎன்353-இல் கடைந்து கேஸ் ஹார்டனிங் கொடுத்து, பிறகு கிரைண்ட் செய்ய வேண்டும். வெண்கல புஷ் தேவைப்படும் இடங்களுக்குக் கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு வார்க்கும் பித்தளையைக் கடைந்து போடாதீர்கள். பாத்திரத்துக்கு அது அருமையான உலோகம், சுழலும் தண்டுக்கு ஆகாது, ஒட்டிக்கொண்டு இழுக்கும். எல்ஜி2 கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் உருளை என்று கேட்டு வாங்குங்கள்.

இடது ஃபைனல் டிரைவ் கசிவு: மூடியில் எண்ணெய் அளவைப் பாருங்கள், அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் இல்லை, கசிவும் சொட்டுச் சொட்டுத்தான் என்றால் இந்த வருடம் சீலைத் தொடாதீர்கள். வாரம் ஒரு முறை அளவு பார்த்து ஊற்றினால் ஓடும். ஏனென்றால் சீலை மாற்ற ஸ்ப்ராக்கெட்டை உருவ வேண்டும், அது பல டன் அழுத்தத்தில் தண்டில் ஏற்றப்பட்டது. ஹைட்ராலிக் புல்லர் இல்லாமல் சம்மட்டியால் அடித்தால் உள்ளே பேரிங்குக்குத்தான் அடி விழும்.

நாகை மேக்னட்டோ எழுதியது:

குட்டி எஞ்சினில் கம்ப்ரஷன் இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அதன் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசி மூடவில்லை என்றால் டேங்கிலுள்ள பெட்ரோல் மெல்ல வடிந்து குட்டி எஞ்சின் சம்ப்புக்குள் போகும். அளவுக்கோட்டுக்கு மேல் எண்ணெய் நின்றால் அது எண்ணெய் அல்ல, பெட்ரோல் கலந்த தண்ணிக்குழம்பு. அதோடு ஓட்டினால் ராடு போகும், தீயும் பிடிக்கலாம்.

பழக்கம் ஒன்றே போதும்: பெரிய எஞ்சின் பிடித்ததும் குட்டி எஞ்சினை ஸ்விட்சால் நிறுத்தாமல் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கும்படி விடுங்கள். இப்போது கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் டேங்கில் விட்டால் அடியில் தண்ணீர் பிரிந்து கார்புரேட்டர் பச்சை பிடிக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கெட்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பிளக் இடைவெளி 25 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு).

ஸ்டார்ட் செய்யும் வரிசை: மாஸ்டர் கிளட்ச் (எஞ்சினைக் கியரோடு இணைப்பது) பிரிந்த நிலையில் இருக்க வேண்டும், கியர் நியூட்ரல், டீசல் மூடிய நிலை, கம்ப்ரஷன் லீவர் விடுவித்த நிலை. குட்டி எஞ்சினைச் சுற்றும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், கீழிருந்து மேலே இழுங்கள். அது சூடாகிச் சீரானதும் பினியனை மாட்டி, குட்டி எஞ்சினின் கிளட்ச்சைக் கொடுத்து, பெரிய எஞ்சினைக் கம்ப்ரஷன் இல்லாமலே சுற்ற விடுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை டீசல் கொடுக்கக் கூடாது. இரண்டு எஞ்சினுக்கும் ஒரே கூலிங் தண்ணீர், குட்டி எஞ்சின் புகையும் பெரியதன் இன்டேக்கைச் சூடாக்கிக்கொண்டே போகும். அதனால் இந்த நேரம் வீண் இல்லை. நம் வெயிலுக்கு ஐந்து நிமிடம் தாராளம். பிறகு லீவரை ஓடும் நிலைக்குத் தள்ளி, டீசலைத் திறங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்தியதில் டம்ளர் அளவு துருத்தண்ணீர், அதன் பின் கறுப்பு எண்ணெய். ஆக மழைத்தண்ணீர்தான், ஊறப்போட்டாயிற்று. இடது ஸ்டீயரிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்னொன்று, உழவு முடிந்ததும் சம்பாவுக்குச் சேற்றிலும் இறக்கலாமா? பெல்ட் அறுவடை மிஷின் சேற்றில் போகிறதே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மன்னை டீசல் எழுதியது:

சேத்துல இறக்க வேணாம்ணே. அறுவடை மிஷினுக்கு ரப்பர் பெல்ட், அதை ஈர வயலுக்குன்னே செஞ்சது. டி2-வுக்கு இரும்புச் செயின், திருப்புறதுக்கு ரெண்டு பக்கமும் உலர் (எண்ணெயில ஊறாத) கிளட்ச். தண்ணி ஸ்டீயரிங் கேஸுக்குள்ள போச்சுன்னா கிளட்ச் தகடு எல்லாம் துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சேறு ஸ்ப்ராக்கெட் பல்லுக்கு நடுவுல அடைஞ்சாலும் செயின் தானா இறுகி, ஃபைனல் டிரைவ் பேரிங்கை இழுக்கும். 30 குதிரைத்திறன் சொச்சம் உள்ள வண்டி இது. ஏப்ரல், மே மாசத்துல பாளம் வெடிச்ச களிமண்ணை ஆழமாப் பிளக்குறதுக்கு இதைவிட நல்லது கிடைக்காது. அந்த வேலைக்கு மட்டும் வைங்க. களிமண்ணுல செயினை விறைப்பா வைக்காதீங்க. ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவுல நேர்பட்டை வச்சா ஒண்ணரை அங்குலம் தொய்யணும்.

இடது ஸ்டீயரிங்குக்கு: முதல்ல கேஸ் அடியில இருக்குற டிரெய்ன் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. தண்ணி வந்தா துருதான். கியர் எண்ணெய் வந்தா உள் சீல் கசியுது, அதுக்குக் கிளட்ச் ஒட்டாது, வழுக்கும். மேல் மூடியைத் திறந்து எலிக்கூடு, வைக்கோல் எல்லாம் வாரி எடுங்க. லீவர் இணைப்பு பின்னும் ஃபோர்க்கும் இறுகியிருக்கான்னு தனியாப் பாருங்க. லீவரே அசையலைன்னா பெரும்பாலும் கோளாறு இங்கதான், தகட்டுல இல்லை. இந்த இணைப்புக்கு மட்டும் எண்ணெய் விடுங்க, தகட்டுமேல ஒரு சொட்டும் படக் கூடாது.

லீவர் வந்தும் வண்டி திரும்பலைன்னா தகடு ஒட்டியிருக்கு. எஞ்சின் ஓடத் தொடங்கினதும் சமதளத்துல, ஆள் யாரும் இல்லாத பக்கமா, முதல் கியர்ல மெதுவா ஓட்டி, லீவரை முழுசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கப் பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க. கேஸ் சூடேறினதும் பல தகடுகள் 'டொப்'னு விட்டுடும். பத்துப் பதினைஞ்சு தடவையில விடலைன்னா பிரேக் பேண்டைக் கருக்கிக்கிட்டே இருக்காம, கிளட்ச்சை வெளிய எடுத்துடுங்க.

உழவு முடிஞ்சு நிறுத்தும்போது ரெண்டு ஸ்டீயரிங் லீவரையும் முழுசாப் பின்னால இழுத்துக் கயிறு போட்டுக் கட்டிடுங்க, மாஸ்டர் கிளட்ச்சையும் பிரிச்ச நிலையில வைங்க. தகடு பிரிஞ்சு நிக்கும், ஐப்பசி கார்த்திகை ஈரத்துல ஒட்டாது. சைலன்சர் வாயில ஒரு மூடி. செயின் மண்ணுமேல நிக்க வேணாம், பனங்கட்டையோ பழைய தண்டவாள ஸ்லீப்பரோ போட்டு அதுமேல ஏத்தி நிறுத்துங்க. வண்டியைக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு சங்கதி: தார் ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க, லோபெட் (தாழ்தள லாரி) பேசிடுங்க. வழியில இருக்குற வாய்க்கால் மதகுப் பாலத்தோட அகலத்தையும், அது தாங்குமான்னும் முதல்ல நடந்து போய்ப் பாத்துட்டு வாங்க.