1852-இல் ஸ்கை தீவிலிருந்து விக்டோரியா வந்த பெண்: பெற்றோரை எப்படித் தேடுவது?

வேர்தேடி:
ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் குடியேறிய ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் பூர்வீகம் தெரிய வேண்டும். கல்யாணப் பதிவில் ஹென்ரியட்டா. குடும்பத்தில் சொல்வது எஃபி. ஊர் ஸ்கை தீவு. 1852 வாக்கில் கப்பல் ஏறியவர், 1889-இல் ஜீலாங் பக்கம் இறந்தார். ஸ்காட்லாந்து ஞானஸ்நானப் பதிவேட்டில் ஹென்ரியட்டா என்று யாரும் இல்லை. இரண்டும் ஒரே ஆளா? எங்கே தொடங்குவது?

ஏட்டுச்சுவடி:
ஸ்காட்லாந்தில் தொடங்காதீர்கள். முதலில் விக்டோரியா இறப்புப் பதிவின் முழுப் படத்தை வாங்குங்கள். அட்டவணை வரி மட்டும் போதாது. 1853 முதலே அந்தப் பதிவில் தகப்பன் பெயரும் தொழிலும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த இடம், எந்த வயதில் எங்கே யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும், காலனியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதுவரை கேட்டு எழுதினார்கள். 1889-இல் இறந்தவருக்கு '37 ஆண்டு' என்று இருந்தால் வந்தது 1852.

தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள். மகனோ மகளோ என்றால் பாட்டி பெயரை ஓரளவு நம்பலாம். மருமகனோ பக்கத்து வீட்டாரோ என்றால் மூத்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

கேலிக்கரை:
பெயர் விஷயம்: ஒரே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு. ஸ்கையில் வீட்டு மொழி கேலிக், ஆங்கிலம் இல்லை. 'ஒய்ரிக்' என்ற கேலிக் பெயருக்கு ஆங்கிலத்தில் நேர்ப்பெயர் இல்லை. அதனால் எழுதுபவர் கைக்கு ஏற்ப எஃபி, யூஃபீமியா, ஹென்ரியட்டா, சில இடத்தில் ஆஃப்ரிக்கா என்றுகூட ஆகும். இந்த நான்கையும் போட்டுத் தேடுங்கள். தாய் பெயருக்கும் இதே கதிதான்: 'மோர்' என்பவர் ஒரு ஏட்டில் மேரியன், இன்னொன்றில் சாரா. குடும்பப்பெயரில் மேக், மெக் இரண்டையும் பாருங்கள்.

ஸ்காட்லாந்து ஏடுகளில் மணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் போவதில்லை. அங்கே கல்லறைக் கல்லில்கூட அதுதான் இருக்கும்.

ஏட்டுச்சுவடி:
1852, ஸ்கை என்றால் 'ஹைலேண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டி'யின் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். 1846-இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயால் பட்டினி கிடந்த குடும்பங்களை 1852 முதல் 1857 வரை இந்தச் சங்கம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது, ஏறக்குறைய 5,000 பேர். பெயர், வயது, ஊர் மூன்றும் குடும்பம் குடும்பமாக இருக்கும். விக்டோரியா ஆவணக் காப்பகத்தின் உதவிப் பயணிகள் (கப்பல் கட்டணத்துக்கு உதவி பெற்று வந்தவர்கள்) பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

கப்பல் 'ஹெர்குலிஸ்' என்று வந்தால் கவனம். 1852 டிசம்பரில் கிளம்பிய அதில் பெரியம்மையும் டைஃபஸும் பரவி, அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். பிழைத்தவர்களில் பலர் வேறு கப்பல்களில் வந்தார்கள். ஒரே குடும்பம் பிரிந்தும் வந்தது.

அடுத்தது ஸ்காட்லாந்தின் 1851 மார்ச் 30 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கப்பலேறும் முன் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கடைசிப் படம் அது. பாரிஷ் (சர்ச் வட்டாரம்) பெயரும் கிடைக்கும். 1841 கணக்கெடுப்பில் 15-க்கு மேற்பட்ட வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தார்கள், 23 வயதுக்காரி 20 ஆகிவிடுவாள். உதவிப் பயணத்துக்கு வயது வரம்பு இருந்ததால் கப்பல் பட்டியலிலும் வயதைக் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு.

வேர்தேடி:
நன்றி. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் கிடைத்தது, ஆனால் அதே பெயர்களில் ஒரே பாரிஷில் இரண்டு தம்பதிகள். ஞானஸ்நானமும் காணோம்.

கேலிக்கரை:
ஸ்கையில் பல பாரிஷ்களின் பதிவேடு 1800-க்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதிலும் இடைவெளிகள். 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்து ஃப்ரீ சர்ச் என்ற தனிச் சபைக்குப் போனவர்கள் பெரும்பாலும் இந்த ஏட்டில் வரமாட்டார்கள். பெற்றோரின் கல்யாணம் கிடைத்தாலும் அந்தத் தேதி பெரும்பாலும் ஓலை (கல்யாண அறிவிப்பு) சர்ச்சில் வாசித்த தேதி.

கப்பலேறாமல் ஸ்கையிலேயே தங்கிய அண்ணன் தங்கையைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. அன்று முதல் இறப்புப் பதிவில் தாய் தகப்பன் இருவர் பெயரும் வரும். அங்கே தங்கிய பெற்றோர் 1855-க்குப் பின் இறந்திருந்தால் தாத்தா பாட்டியும் கிடைத்துவிடுவார்கள்.

இரண்டு தம்பதிகளைப் பிரிக்க, எஃபியின் பிள்ளைகளை வரிசையாக எழுதுங்கள். வழக்கப்படி மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். இது துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது. 1851 கணக்கெடுப்பில் உள்ள குக்கிராமத்தின் பெயரும் சொசைட்டி பட்டியலில் உள்ள ஊரும் ஒத்துப்போகிற தம்பதியை மட்டும் குடும்ப மரத்தில் சேருங்கள்.