புதுப்பிப்பு: பழையபேட்டை டிரம் செட் எது என்று தெரிந்துவிட்டது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கல்யாணக் கச்சேரிகளில் வாசித்த பெரியவர் ஒருவரின் பரணிலிருந்து இறக்கிய டிரம் செட்டின் பேஸ் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஏன் வட்டமாக இல்லை, அதைச் செய்தவர் யார் என்று முன்பு கேட்டிருந்தேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல்-ஹைன்ஸ் வைமர் தொடங்கிய டிரிக்சன் நிறுவனத்தின் ஸ்பீட்ஃபயர் என்ற டிரம் செட் அது.

ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, முட்டையைப் படுக்கவைத்தது போலிருக்கும் அந்த உடலைப் பார்த்துவிட்டு, ஈரத்தில் கோணிப்போன மரம் என்று நண்பர்கள் சிலர் கருதினார்கள். முன்தோலைக் கழற்றியதும் உள்ளே ஒரு தடுப்புப் பலகை தெரிந்தது. இரண்டு பெடல்களைப் பொருத்தி, அகன்ற அறையில் தாழ்ந்த ஒலியையும் குறுகிய அறையில் சற்று உயர்ந்த ஒலியையும் பெறுவதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். எவ்வளவு துணிச்சலான கற்பனை! கூம்பு வடிவ டிரம்களைக் கொண்ட டெல்ஸ்டார் செட்டும் இதே நிறுவனத்தின் தயாரிப்புதான்.

1960களில் பிரிட்டனின் வாக்ஸ் நிறுவனம் டிரிக்சன் டிரம்களைத் தன் பெயரிலும் விற்றதால், டிரம்மில் உள்ள பெயர்ப் பேட்ஜை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். வட்டத் தோல் எதுவும் இதற்குப் பொருந்தாது என்பதால், கிழிந்த பழைய தோலையும் அதன் வளையங்களையும் பத்திரப்படுத்தும்படி வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன்.