கிராஷ் ஆன பிறகு சர்வர் பூட் ஆகாமல் பாதியில் நிற்கிறது

இரவுப்பணி:
நேற்று ராத்திரி யுபிஎஸ் கையை விரித்துவிட்டது, சர்வர் படக்கென்று அணைந்தது. திரும்ப ஆன் செய்தால் க்ரப் மெனு (எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் முதல் திரை) வருகிறது, அப்புறம் லோகோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் பார்த்துவிட்டேன், அதே கதைதான். டெபியன் லினக்ஸ், பூட் ஆவது எஸ்எஸ்டியில், டேட்டா 8 டிபி ஹார்ட் டிஸ்க்கில், ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4. பேசாமல் மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமா?

பழைய அட்மின்:
இன்ஸ்டாலா! முதலில் அந்த பவர் பட்டனிலிருந்து கையை எடுங்க. க்ரப் மெனுவில் ஆங்கில 'ஈ' (e) எழுத்தை அழுத்தினால் எடிட் செய்ய விடும், லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் செய்திகளை மறைக்கும் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்துவிட்டு கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்க. எந்த வரியில் நிற்கிறது, பக்கத்தில் என்ன நேரம் ஓடுகிறது, அப்படியே எழுதுங்க.

இரவுப்பணி:
'ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார் ஃபைல் சிஸ்டம் செக்'. பக்கத்தில் 14 நிமிடம், நோ லிமிட்.

பழைய அட்மின்:
அப்போ அது ஹேங்கே இல்லை. டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 1 நிமிடம் 30 நொடி பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் விட்டுவிடும். நோ லிமிட் என்றால் எஃப்எஸ்செக், அதாவது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் நிரல், ஓடுகிறது, நீங்கள் மூன்று தடவையும் அதன் கழுத்தை நெரித்திருக்கிறீர்கள்.

கம்பிவடம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெறும் கரண்ட் கட் என்றால் இஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) படித்துச் சில நொடியில் எழுந்துவிடும். முழுச் சோதனைக்கே போயிருக்கிறது என்றால் எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். திரையில் நடுநடுவே ஐஓ எரர் (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற செய்தி) வருகிறதா?

இரவுப்பணி:
ஆமாம், வந்துகொண்டே இருக்கிறது. கவனிக்கவே இல்லை.

கம்பிவடம்:
அப்படியானால் காத்திருக்க வேண்டாம், அணைத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்செக்கை எழுத விட்டால் இருப்பதும் போகும். லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஏறி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டுங்கள், 197-ஆம் எண்ணுக்கு நேராக, பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) என்றிருக்கும், கடைசியில் பூஜ்யம் இல்லையென்றால் பழுதான டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எஃப்எஸ்செக் எல்லாம் நகல் மேல்தான்.

இரவுப்பணி:
197-ல் 56 காட்டுகிறது. நகல் ஓட ஆரம்பித்துவிட்டது.

பழைய அட்மின்:
சரி, கம்பிவடம் சொன்னதுதான் சரி, நான் அவசரப்பட்டேன். நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும், இரண்டுக்கும் யுயுஐடி என்ற அடையாள எண் ஒன்றே என்பதால் எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) டேட்டா டிஸ்க்கின் வரிக்கு நோஃபெயில் சேர்த்துவிடுங்க, டேட்டா டிஸ்க் படுத்தாலும் சர்வர் லாகின்வரை வந்துவிடும்.

இரவுப்பணி:
சேர்த்துவிடுகிறேன். நகல் இப்போதுதான் 11 சதவீதம், நாளைக்கு வந்து சொல்கிறேன்.