உளவியல் பட்டத்தோடு பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியுமா?

நூலேணி எழுதியது:

உளவியலில் இளநிலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். அடுத்து பிசியோதெரபியா, ஆக்குபேஷனல் தெரபியா (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிக்கு உதவும் சிகிச்சை) என்று மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைப்பதைப் பொறுத்து முடிவெடுக்கலாம் என்று எண்ணம்.

இதுவரை படித்தவை: பொது உளவியல், குழந்தை வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல், புள்ளியியல், பொது உயிரியல். உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த ஒரு பாடத்தை ஒரே பருவத்தில் முடித்திருக்கிறேன். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முன்தேவைப் பட்டியலோடு (சேருமுன் படித்திருக்க வேண்டிய பாடங்கள்) ஒப்பிட்டால், அந்தக் கடைசிப் பாடம் பாதிதான் நிறைவேறியதாக வருகிறது. இயற்பியலும் வேதியியலும் கல்லூரியில் படிக்கவே இல்லை. எந்த நாட்டில் படிப்பது என்பதும் முடிவாகவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

கல்தூண் எழுதியது:

உயிரியல் படித்திருக்கிறீர்கள் அல்லவா, அது போதும். இரண்டு படிப்புக்கும் ஒரே தகுதிதான். விண்ணப்பித்துவிடுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

கல்தூண் சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். பள்ளி முடித்ததும் நேரே சேரும் நாடுகளில் இரண்டுக்கும் தகுதி ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். பட்டதாரிகளைச் சேர்க்கும் நாடுகளில் கதை வேறு.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பிசியோதெரபிக்கு இன்று ஒரே வழி, டி.பி.டி. என்னும் முனைவர் நிலைத் தொழிற்பட்டம். பெரும்பாலான இடங்களில் உடற்கூறியல்-உடலியங்கியல் இரண்டு பருவம், வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு கேட்பார்கள். மூன்றுக்கும் ஆய்வக வகுப்பு வேண்டும். இவற்றோடு உயிரியல், புள்ளியியல், உளவியல். ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலை, முனைவர் என இரு நுழைவுகளும் உண்டு. அங்கே இயற்பியலைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பதே இல்லை. மாறாக, வாழ்நாள் வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல், சமூகவியல் அல்லது மானிடவியல், புள்ளியியல் ஆகியவற்றைக் கேட்பார்கள். உடற்கூறியல் இரண்டுக்கும் பொது.

உங்கள் 'பாதி'க்குக் காரணம் இதுதான்: சேர்த்துக் கற்பிக்கும் அந்தப் பாடம் வழக்கமாக இரண்டு பருவத் தொடர். முதல் பருவத்தில் எலும்பு, தசை, நரம்பு வரை போவார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் இரண்டாவதில் வரும். இரண்டாம் பருவத்தையும், முடிந்தால் அதே கல்லூரியில், முடியுங்கள். வேறு இடத்துக்கு மாறினால் பாடப் பிரிப்பு பொருந்தாமல் போகக்கூடும்.

நீங்கள் கவனிக்காத இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. குழந்தை வளர்ச்சி உளவியலை வாழ்நாள் வளர்ச்சிப் பாடத்துக்கு ஈடாகப் பலர் ஏற்பதில்லை. முதுமை வரை பேசும் பாடத்திட்டம் அவர்களுக்கு வேண்டும். உங்களுடைய பாடத்திட்டத்தைச் சேர்க்கைப் பிரிவுக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் 'பரவாயில்லை' என்று சொன்னதற்கு மதிப்பு கிடையாது.

நூலேணி எழுதியது:

மிக்க நன்றி. அப்படியென்றால் பிசியோதெரபிக்கு எனக்கு உடற்கூறியல் இரண்டாம் பருவத்தையும் சேர்த்து ஐந்து அறிவியல் பாடங்கள் கூடுதலாக வேண்டும், ஆக்குபேஷனல் தெரபிக்கு அநேகமாக இரண்டோ மூன்றோ போதும். உளவியல் துறை நடத்திய புள்ளியியல் செல்லுமா? ஆய்வகத்தை இணையவழியில் முடிக்கலாமா? அறிவியல் மதிப்பெண் சுமாராக வந்தால் திரும்பப் படித்துச் சரிசெய்ய வழி உண்டா?

கரிசல்மண் எழுதியது:

புள்ளியியல் பெரும்பாலும் செல்லும். இணையவழி ஆய்வகத்தைச் சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். கட்டணம் கட்டுமுன் கேளுங்கள். மதிப்பெண் விஷயத்தில் கறாரானவர்கள். 4 புள்ளி அளவில் 3.0 சராசரியைக் குறைந்தபட்சமாக வைக்கும் இடங்கள் பல. இடம் பெறுபவர்களின் சராசரி அதைவிட மேலே இருக்கும். அமெரிக்கப் பிசியோதெரபிக்கான பொது விண்ணப்ப அமைப்பில், திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண்ணும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரே பருவத்தில் இயற்பியல், வேதியியல், உடற்கூறியல் மூன்றையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பழைய பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு: ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி.

மணற்கடிகாரம் எழுதியது:

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். பாடப் பட்டியலைப் பார்க்கும் முன் நாட்டை முடிவு செய்யுங்கள் என்பேன். கனடாவில் இரண்டுக்குமே முதுநிலைதான் நுழைவுப் பட்டம். பிரிட்டனில் பள்ளி முடித்தவர் மூன்று ஆண்டு இளநிலையில் சேரலாம். உங்களைப் போன்ற பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு முதுநிலை வழி திறந்திருக்கிறது. அங்கே இரண்டு தொழிற்பெயர்களும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை, பதிவு இல்லாமல் யாரும் பயன்படுத்த முடியாது. அதனால் நீங்கள் சேரும் படிப்பு அந்தப் பதிவுக்கு இட்டுச்செல்கிறதா என்பதே முதல் கேள்வி. பெயரில் 'மறுவாழ்வு அறிவியல்' என்று இருக்கும் பட்டங்கள் எல்லாம் இட்டுச்செல்வதில்லை.

ஆக்குபேஷனல் தெரபியில் உலகளாவிய கூட்டமைப்பு ஒன்று 1952 முதல் இயங்குகிறது. அதன் குறைந்தபட்சக் கல்வித் தரத்தின்படி மாணவர் 1000 மணி நேரமாவது களப்பயிற்சி பெற வேண்டும். ஒரு நாட்டில் படித்து இன்னொரு நாட்டில் வேலை தேடுவோருக்கு இந்தக் கணக்கு உதவும்; படிக்கும்போதே மணிக்கணக்குச் சான்றுகளைச் சேமித்து வையுங்கள். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் படிப்புக்கு இறுதிக்கட்டக் களப்பயிற்சி மட்டும் முழுநேரமாக 24 வாரம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 'எது கிடைத்தாலும் சரி' என்ற மனநிலை விண்ணப்பக் கட்டுரையில் தெரிந்துவிடும். இரண்டு துறைக்கும் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். மூட்டுமாற்று அறுவைக்குப் பின் ஒருவர் மீண்டும் நடப்பதில் பிசியோதெரபிஸ்டின் கண் இருக்கும். பக்கவாதம் வந்தவர் ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட என்ன வழி, குளியலறையை எப்படி மாற்றுவது என்று நாங்கள் பார்ப்போம். எல்லைகள் கலக்கும், உண்மைதான். ஆனால் எந்த வேலை உங்களை இழுக்கிறது என்பது இரண்டு இடத்திலும் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பல படிப்புகளுக்குப் பார்வையாளர் மணிநேரச் சான்று எப்படியும் தேவை. மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவு ஒன்று, வெளிநோயாளி மையம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளரின் கையொப்பத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

கல்தூண் எழுதியது:

நான் பள்ளி முடித்துச் சேர்பவரை மனத்தில் வைத்துச் சொன்னேன். அவர்களுக்குக்கூட உயிரியலோடு மற்ற அறிவியல் பாடங்களும் தேவைப்படலாம் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

நூலேணி எழுதியது:

முதலில் உடற்கூறியல் இரண்டாம் பருவத்துக்குப் பதிவு செய்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் அது தேவைப்படும். இயற்பியலுக்குப் பணம் கட்டுவதைப் பார்வையாளர் மணிநேரம் முடியும் வரை தள்ளிவைக்கிறேன். குழந்தை வளர்ச்சிப் பாடத்திட்டத்தை இன்றே மூன்று சேர்க்கைப் பிரிவுகளுக்கு அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.