மகள் தலையில் பேன்: மொட்டை அடிக்க மனம் வரவில்லை

சோழவந்தான் அம்மா:
மகளுக்கு எட்டு வயது. கோடை விடுமுறையில் அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து ஓயாமல் சொறிகிறாள். நேற்று வாசலில் உட்காரவைத்து வகிடு எடுத்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடிக்கு முடி ஈர். சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்துக் குளிப்பாட்டியும் குறையவில்லை. சீத்தாப்பழ விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தடவச் சொல்கிறார் மாமியார். அழகர்கோவிலில் மொட்டை போட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இடுப்புவரை முடி, அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை அழுகிறாள். அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. என்ன செய்யட்டும்?

மேலூர் நர்ஸ் அக்கா:
மொட்டை வேண்டாம். விதை வேண்டவே வேண்டாம் தாயி. அது பேனைக் கொல்லும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். என் தங்கை மகள் இரண்டு கண்ணும் வீங்கி, வெளிச்சம் பார்க்க முடியாமல் நான்கு நாள் கிடந்தாள். மண்ணெண்ணெயையும் தொடாதீர்கள்.

சீயக்காய் அழுக்கைத்தான் எடுக்கும். பேன் ஆறு காலாலும் முடியைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சாகாது. மருந்துக்கடையில் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் கேளுங்கள். முடியை அலசி, துவட்டி, ஈரம் இருக்கும்போதே தடவி 10 நிமிடம் கழித்து அலசிவிடுங்கள். ஈர் எல்லாம் அதில் சாகாது. பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒன்பதாம் நாள் மறுபடியும் போட வேண்டும். அந்த இரண்டாவது தடவையை விட்டுவிட்டு, மருந்து சரியில்லை என்று வந்து நின்றவர்கள் எத்தனை பேர்!

திருமங்கலம் அப்பா:
மனைவி வெளியூரில் வேலை என்பதால் இரண்டு மகள்களுக்கும் நான்தான் தலை வாருகிறேன். நாங்கள் மருந்து போடவில்லை. தேங்காய் எண்ணெயை நிறைய தடவி, முடியை எட்டுப் பாகமாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டையில் படும்படி வைத்து நுனிவரை இழுப்பேன். மடியில் வெள்ளை வேட்டி. எள் விழுந்தது போல இருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். ஈர் அப்படி விழாது, பசை போட்டது போல ஒட்டியிருக்கும். இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து உருவ வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். கழுத்து வலித்தது, ஆனால் போய்விட்டது.

செல்லூர் சித்தி:
அத்தை வீட்டுக்குச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த விடுமுறையில் திரும்ப வரும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. தலையோடு தலை ஒட்டினால் சுத்தமான தலையிலும் ஏறும். வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள். தலையணை உறையை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

சோழவந்தான் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அங்கேயும் இரண்டு பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். என் தலையிலும் இருந்தது. நேற்று எனக்கும் மகளுக்கும் மருந்து போட்டாயிற்று. விதையைக் குப்பையில் கொட்டிவிட்டு, மாமியாரே கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஈர் உருவினார். பிள்ளை அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். காலண்டரில் ஒன்பதாம் நாளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன்.